அமுங்கவும் வேண்டும், தாங்கவும் வேண்டும்

அம்பத்தூரில் பேருந்து நடத்துநர் "டன்லப், டன்லப்" என்று குரல் கொடுத்தால் இறங்க ஆள் இருக்கும். டயர் தொழிற்சாலை ஓய்ந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது, பெயர் மட்டும் நிறுத்தத்தில் தங்கிவிட்டது. 1929இல் இங்கிலாந்தில் இதே டன்லப் நிறுவனத்தில்தான் ரப்பர் பாலை முட்டை அடிப்பதுபோல் நுரை பொங்க அடித்து, அச்சில் ஊற்றி வேகவைத்து லேடெக்ஸ் மெத்தைக்கு வழி கண்டார்கள். அந்தச் செய்முறைக்கு இன்றைக்கும் டன்லப் முறை என்றே பெயர்.

அதற்கு வெகுகாலம் முன்பே நம்மிடம் இலவம் பஞ்சு இருந்தது. போடிநாயக்கனூர்ப் பக்கத்துச் சரக்குக்குத் தனி மதிப்பு. அதன் இழை உள்ளே வெறும் குழாய், வெளியே மெல்லிய மெழுகுப் பூச்சு. தண்ணீர் சட்டென்று ஏறாது என்பதால் கப்பல்காரர்களின் மிதவைச் சட்டைக்குள்கூட இதை அடைத்திருக்கிறார்கள். குழாய்க்குள் காற்று இருக்கும்வரை மெத்தை உப்பிக்கிடக்கும். படுக்கப் படுக்கக் குழாய் நசுங்கி, பஞ்சு திரண்டு, இடுப்பு விழும் இடத்தில் குழி விழுந்துவிடும். மொட்டைமாடி வெயிலில் போட்டுத் தட்டினால் ஈரம் போகும், திரண்டது கொஞ்சம் பிரியும். நசுங்கிய இழை முழுசாக எழுந்திருக்காது. அதனால்தான் சில வருஷத்துக்கு ஒருமுறை மெத்தையைப் பிரித்துப் பஞ்சு அடித்துத் தைத்தார்கள். இப்போது யார் பிரிக்கிறார்கள்? குழியோடு படுத்துவிட்டுக் காலையில் இடுப்பைப் பிடிக்கிறோம்.

"கட்டாந்தரையில படு, சரியாயிடும்" என்பது வீட்டுப் பெரியவர்களின் வைத்தியம். பூந்தமல்லி வாடகை வீட்டில் ஒரு மாதம் பாயில் படுத்துப் பார்த்தேன். இடுப்பு வலி இருந்தபடியே இருந்தது, தோள்வலி புதிதாகச் சேர்ந்துகொண்டது. காரணம் எளிது. முதுகெலும்பு நேர்க்கம்பி இல்லை. கழுத்திலும் இடுப்பிலும் உள்வாங்கி, நடுமுதுகில் வெளியே வளைந்திருக்கிறது. ஒருக்களித்துப் படுத்தால் தரை தோளையும் இடுப்பையும் மட்டும் தாங்கும், நடுவில் வயிற்றுப்பக்கம் அந்தரத்தில் தொங்கும்.

இதை ஸ்பெயின் நாட்டில் முறையாகச் சோதித்தார்கள். நாள்பட்ட இடுப்புவலி உள்ள 313 பேருக்குக் கடின மெத்தையோ நடுத்தரக் கடின மெத்தையோ கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்ததில், நடுத்தரக்காரர்களுக்கே வலி அதிகம் குறைந்திருந்தது. 2003இல் 'லான்செட்' இதழில் வந்த ஆய்வு அது. அவர்கள் வைத்த அளவுகோலில் 1 மிகக் கடினம், 10 மிக மென்மை. ஜெயித்த மெத்தைக்கு 5.6.

கடையில் 'ஆர்த்தோ' என்ற ஸ்டிக்கரைப் பார்த்து மயங்க வேண்டாம், அது எவ்வளவு கடினம் என்று அந்தச் சொல் சொல்லாது. "டென்சிட்டி 40 சார்" என்பார் கடைக்காரர். அது ஒரு கனமீட்டர் நுரையின் எடை, கிலோவில். மெத்தை எத்தனை நாள் உழைக்கும் என்பதற்குக் குறிப்பு, கடினத்துக்கு இல்லை. தேங்காய் நாரில் ரப்பர் பால் தெளித்து அழுத்திய காயர் மெத்தை காற்றோட்டமானது, ஆனால் தனியாகப் போட்டால் கட்டைபோல் இருக்கும். மேலே இரண்டு அங்குல லேடெக்ஸ் வைத்தால் நடுத்தரத்துக்கு வரும். உடல்சூட்டில் இளகும் மெமரி ஃபோம் 1966இல் நாசாவுக்காக விமான இருக்கைக்கென்று பிறந்தது. ஏ.சி. இல்லாத ஆவடி வீட்டில், மே மாதம், நான் வாங்க மாட்டேன்.

செருப்பைக் கழற்றிவிட்டுக் கடையிலேயே கால்மணி நேரம் படுங்கள். வெட்கம் பார்த்தால் பத்து வருஷம் வலி. மல்லாந்து படுத்து இடுப்புக்கடியில் கையை விடுங்கள். தாராளமாகப் போய்வந்தால் மெத்தை கடினம், நுழையவே இல்லையென்றால் உடம்பு புதைகிறது. கால் மரத்துப்போகிறது, பலம் குறைகிறது, சிறுநீர் அடங்கவில்லை என்றால் கடைக்குப் போகாமல் உடனே மருத்துவரிடம் போகவேண்டும்.

தலையணையின் கணக்கு தோளில் இருக்கிறது. ஒருக்களித்துப் படுப்பவருக்குக் காதுக்கும் தோள்முனைக்கும் உள்ள இடைவெளியை அது நிரப்ப வேண்டும். மல்லாந்து படுப்பவருக்கு அவ்வளவு உயரம் ஆகாது, தாடை மார்பை நோக்கி மடங்கிவிடும். மெத்தை இளகலாக இருந்தால் தோள் உள்ளே போகும், தலையணையும் தாழவேண்டும். எனவே முதலில் மெத்தை, பிறகு தலையணை. புதிது வாங்குமுன் பழைய தட்டைத் தலையணைக்கடியில் துண்டை மடித்து வைத்துப் பாருங்கள், ஒரு மடிப்பு, இரண்டு மடிப்பு என்று. எனக்குச் சரியான உயரம் மூன்றாவது மடிப்பில் வந்தது. ஸ்கேல் வைத்து அளந்துகொண்டு கடைக்குப் போகத்தான் இருந்தேன், துண்டே போதும் என்று கழுத்து சொல்லிவிட்டது.