நேரமுத்திரை மாற்றம்

நேரமுத்திரை மாற்றம் என்பது, ஒரு வடிவத்தில் தரப்பட்ட நாளையும் நேரத்தையும், அவை குறிக்கும் கணம் மாறாமல் வேறொரு வடிவத்தில் எழுதும் செயல்முறை ஆகும். இணையவழிச் செயலி நிரலாக்க இடைமுகங்களில் இருந்து தரவு பெறும் நிரல்களுக்கு இது இன்றியமையாதது. இவ்விடைமுகங்கள் பரவலாகப் பயன்படுத்தும் ஜேசன் தரவு வடிவத்தில் நாளுக்கெனத் தனி வகை இல்லை. எனவே நேரம் எண்ணாகவோ சரமாகவோ அனுப்பப்படுகின்றது.

வடிவங்கள்

யுனிக்ஸ் நேரம்: 1970 சனவரி 1 அன்று, ஒருங்கிணைந்த அனைத்துலக நேரம் (ஒ.அ.நே.) 00:00:00 முதல் கழிந்த நொடிகளின் எண்ணிக்கை. ஜாவாஸ்கிரிப்ட் மொழி இதே தொடக்கத்தில் இருந்து மில்லிநொடிகளில் எண்ணுகின்றது.

ஐ.எஸ்.ஓ. 8601: 1988 இல் வெளியான அனைத்துலகச் சீர்தரம். ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி என்ற வரிசையில் எழுதி, இறுதியில் நேர வலய வேறுபாட்டைச் சேர்க்கலாம். இந்திய சீர் நேரத்திற்கு அது +05:30 ஆகும்.

எடுத்துக்காட்டு

காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலின் அனந்தசரசு குளத்தில் வைக்கப்பட்டுள்ள அத்தி வரதர் திருவுருவம், 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை வெளியே எடுக்கப்பட்டு 48 நாட்கள் காட்சிக்கு வைக்கப்படுகின்றது. 2019 இல் இந்நிகழ்வு சூலை 1 முதல் ஆகத்து 17 வரை நடைபெற்றது. அதன் முதல் நாள் பிறந்த நள்ளிரவைப் பின்வருமாறு எழுதலாம்:

இந்திய சீர் நேரம்: 2019-07-01 00:00:00 +05:30
ஒ.அ.நே.: 2019-06-30 18:30:00
யுனிக்ஸ் நேரம்: 1561919400

மூன்றும் ஒரே கணத்தையே குறிக்கின்றன. ஆயினும் இரண்டாம் வரியில் இருந்து நாளை மட்டும் பிரித்தெடுக்கும் நிரல், சூலை 1 இற்குப் பதிலாக சூன் 30 எனக் காட்டும். எனவே முதலில் நேர வலயத்தை மாற்றி, அதன் பின்னரே நாளைப் பிரித்தெடுத்தல் வேண்டும்.

பொதுவான பிழைகள்

நொடிகளை மில்லிநொடிகள் எனக் கொண்டால், மேற்கண்ட எண் 1970 சனவரி 19 ஐக் குறிக்கும். தற்காலத் தேதிகளுக்கு நொடிக் கணக்கு 10 இலக்கங்களும் மில்லிநொடிக் கணக்கு 13 இலக்கங்களும் கொண்டது. இணைய முகவரியின் வினவல் பகுதியில் '+' குறி பெரும்பாலும் இடைவெளியாகப் பொருள்கொள்ளப்படுவதால், +05:30 என்பதைக் குறிமாற்றம் செய்தே அனுப்ப வேண்டும்.

2038 சிக்கல்

குறியுடைய 32 பிட் முழு எண்ணின் உச்ச மதிப்பு 2,147,483,647 ஆகும். யுனிக்ஸ் நேரம் இம்மதிப்பை 2038 சனவரி 19 அன்று, இந்திய சீர் நேரம் காலை 8:44:07 மணிக்கு அடையும். 40 ஆண்டு முறைப்படி அத்தி வரதரின் அடுத்த காட்சி 2059 இல் அமையும். 2059 சூலை 1 இன் தொடக்கம் 2824223400 ஆகும். இதனை 32 பிட்டுகளில் சேமித்தால் எண் வழிந்து, 1923 மே மாதத்துத் தேதியாகத் தோன்றும். 64 பிட் எண்கள் இச்சிக்கலைத் தீர்க்கின்றன.

எதிர்கால நிகழ்வுகளுக்கு நொடி எண் மட்டும் போதாது. அரசுகள் நேர வலய விதிகளை மாற்றக்கூடும். இந்தியாவிலேயே 1942 முதல் 1945 வரை, போர்க்காலத்தில், +06:30 நடைமுறையில் இருந்தது. ஆகவே உள்ளூர் நேரத்தையும் 'ஆசியா/கொல்கத்தா' என்னும் வலயப் பெயரையும் சேமித்து, தேவைப்படும்போது மாற்றிக்கொள்வதே பாதுகாப்பானது.