கத்தியில்லாத அறுவை சிகிச்சை: அதன் பிறகு என்ன?

"போனை வலது காதிலே வெச்சாத்தான் கேக்குது. இடது காதிலே எப்பவும் ஒரே இரைச்சல்" என்றார், வேப்பம்பட்டு ஸ்டேஷனில் சென்ட்ரல் ரயிலுக்குக் காத்திருந்த அந்த அக்கா. காதில் அழுக்கு என்று எண்ணெய் விட்டுப் பார்த்தே ஓராண்டு போய்விட்டதாம். நடையில் தள்ளாட்டம் கண்ட பிறகுதான் ஸ்கேன். செவி நரம்பில் சிறு கட்டி!

இது புற்றுநோய் அல்ல, மெதுவாக வளரும். ஆனால் இருக்கும் இடம் மண்டையோட்டின் அடித்தளம். பக்கத்திலேயே முகத்தை அசைக்கும் நரம்பும், முகத்துக்கு உணர்ச்சி தரும் நரம்பும் இருக்கின்றன.

சுமார் 3 சென்டிமீட்டருக்கு உட்பட்ட கட்டிக்குக் கதிர்வீச்சைக் கூர்மையாகக் குவித்துச் செலுத்தும் சிகிச்சை உண்டு. ஸ்வீடன் நாட்டு மருத்துவர் லார்ஸ் லெக்செல் 1951-ல் இக்கருத்தை வெளியிட்டார். 'காமா நைஃப்' என்று பெயர், கத்தி கிடையாது. மண்டையைத் திறப்பதும் இல்லை.

"அப்போ பக்கவிளைவே இல்லியா?" என்றார் அக்கா. உண்டு. ஆனால் ஒரேயடியாக வருவதில்லை.

முதல் சில நாட்கள்: தலைவலி, குமட்டல், களைப்பு. தலையில் சட்டம் பொருத்தியிருந்தால் திருகு பட்ட இடத்தில் வலி.

6 முதல் 18 மாதங்களுக்குள்: கட்டி சுருங்குமுன் சற்று வீங்கலாம். தள்ளாட்டம், முக மரமரப்பு வரலாம். 'கட்டி வளர்ந்துவிட்டது' என்று உடனே கலங்க வேண்டாம். பெரும்பாலும் தானே தணியும். வீக்கத்துக்கு ஸ்டீராய்டு மாத்திரை தந்தால் சர்க்கரை ஏறும். நீரிழிவு உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

ஆண்டுகள் செல்லச் செல்ல: செவித்திறன் குறையலாம். நன்றாகக் கேட்டவர்களிலும் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு ஐந்தாறு ஆண்டுகளில் இப்படி ஆகிறது. போன கேள்வி பொதுவாகத் திரும்புவதில்லை.

"முகம் கோணிப் போயிடுமா?" இதுதான் அவருடைய பெரிய பயம். இப்போது தரப்படும் அளவான கதிர்வீச்சில், நூற்றில் ஐந்து பேருக்கும் குறைவாகவே அப்படி நேர்கிறது. நூற்றில் தொண்ணூறு பேருக்கு மேல் கட்டி வளராமல் நிற்கிறது. மறைந்து போவதில்லை, அடங்கி இருக்கிறது.

வீட்டில் கவனிக்க வேண்டியவை: முகம் மரத்திருந்தால் காபியின் சூட்டை விரலால் பார்த்த பிறகே வாயில் வைக்கவும். கண் முழுதும் மூடாவிட்டால் மருத்துவர் தரும் சொட்டு மருந்தை விடாமல் போடவும். இருட்டில் குளியலறைக்குத் தனியே போக வேண்டாம். தெருவைக் கடக்கும்போது கேட்காத காதுப் பக்கம் தலையைத் திருப்பிப் பார்ப்பது அவசியம். ஓயாத தலைவலியோடு வாந்தி, பார்வை மங்கல், நடை தடுமாற்றம் சேர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூளையில் நீர் தேங்கியிருக்கலாம்.

நன்றாக இருக்கிறது என்று எம்.ஆர்.ஐ. ஸ்கேனைத் தள்ளிப் போடக் கூடாது. பல ஆண்டுகள் தொடர வேண்டிய கண்காணிப்பு இது.

ரயில் வந்தது. அக்காவின் வலப்பக்கமாகப் போய் உட்கார்ந்து கொண்டேன். "இந்தப் பக்கம் பேசினா நல்லாக் கேக்குதும்மா" என்று சிரித்தார்.

சகோதரிகளே, ஒரு காது மட்டும் மந்தமானால் எண்ணெய் விடாதீர்கள். மருத்துவரிடம் காட்டுங்கள்.