அப்பாவின் ஈஸ்வராவும் காணாமல் போன கேஸும்

எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த மாதங்களில்தான் நான் படிவம் 4 இயற்பியலை உண்மையில் படித்தேன். படித்த இடம் சுங்கை பட்டாணியில் ஒரு கார் பட்டறை.

கெடாவில் இருப்பவர்களுக்குப் பிப்ரவரி, மார்ச் வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பீடோங் பக்கம் எங்கள் தோட்டத்துச் செம்மண் சாலையில் ஒரு லோரி போனால், தூசி அடங்கச் சில நிமிடங்கள் ஆகும். கார்க் கண்ணாடியை இறக்கினால் தூசி, ஏற்றினால் வேக்காடு. அப்பாவிடம் இருந்தது 1993இல் வந்த புரோட்டோன் ஈஸ்வரா. மாதம் ஒருமுறை பாட்டியை மருத்துவமனைக்கு அதில்தான் அழைத்துப் போவோம்.

அந்த ஆண்டு ஏர்கோன் சூடான காற்றை ஊதத் தொடங்கியது. "கேஸ் முடிஞ்சிருச்சு" என்றார்கள் ஒரு பட்டறையில். 80 வெள்ளி கொடுத்து அடித்தோம். ஜில்லென்று இருந்தது. மூன்றாவது வாரம் பழையபடி ஆனது. மறுபடியும் 80 வெள்ளி, மறுபடியும் மூன்று வாரம். அடுத்த முறை பாட்டி ஈரத் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு காரில் ஏறினார். அப்பா எதுவும் பேசவில்லை. சம்பளத்துக்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

பிறகு ஒரு நண்பர் சொல்லி, வயதான ஃபோர்மேன் ஒருவரிடம் போனோம். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் சிரித்தார். "அண்ணே, பெட்ரோல் மாதிரி எரிஞ்சு தீர்றதுக்கு இது என்ன எண்ணெயா? உள்ளேயேதான் சுத்திக்கிட்டு இருக்கும். குறைஞ்சிருந்தா எங்கேயோ ஓட்டைனு அர்த்தம். ஓட்டையை விட்டுட்டு கேஸை ஊத்தினா எப்படி நிக்கும்?"

எனக்கு அது புதிய செய்தி. உங்களில் பலருக்கும் புதிதாக இருக்கலாம்.

"ஹாபா பெண்டாம்" என்று மனப்பாடம் செய்தோமே, அந்த உள்ளுறை வெப்பம்தான் ஏர்கோனின் முழு ரகசியம். திரவம் ஆவியாகும்போது சுற்றியுள்ள வெப்பத்தை எடுத்துக்கொள்ளும். ஆர்-134ஏ என்ற கேஸ் சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயிலுக்குள் அது குறைந்த அழுத்தத்தில் ஆவியாகி, காருக்குள் இருக்கும் வெப்பத்தை உறிஞ்சுகிறது. கம்ப்ரசர் அந்த ஆவியை இழுத்து அழுத்துகிறது. முன்னால் ரேடியேட்டருக்குப் பக்கத்தில் இருக்கும் கண்டென்சரில் அது வெப்பத்தை வெளியே விட்டுத் திரும்பவும் திரவமாகிறது. இந்தச் சுற்றில் எதுவும் செலவாவதில்லை.

ஃபோர்மேன் நீலமும் சிவப்புமாக இரண்டு மீட்டர்களை மாட்டினார். இன்ஜின் ஓடாத நிலையில் முள் 100 பி.எஸ்.ஐ.க்குச் சற்று மேலே நின்றது. "கேஸ் நிறைய இருக்குதே" என்றேன். "வீட்டில் சமையல் கேஸ் தோங் இருக்குல்ல தம்பி? கடைசி நாள் வரைக்கும் அடுப்பு நல்லாத்தானே எரியும்?" என்று திருப்பிக் கேட்டார். உள்ளே கொஞ்சமாவது திரவம் இருக்கும்வரை, அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான், அளவு அல்ல. நம் ஊர் வெயிலில் பாதிக் கேஸ் போயிருந்தாலும் முள் அதே இடத்தில் நிற்கும். அதனால் தோங்கைப் போலவே காரின் கேஸையும் எடை போட்டுத்தான் ஊற்ற வேண்டும். எத்தனை கிராம் என்று பெரும்பாலான கார்களின் பானெட்டுக்கு அடியில் ஒட்டியிருப்பார்கள். அதிகமாக ஊற்றினால் அதிகம் குளிராது; அழுத்தம் ஏறி, கம்ப்ரசர்தான் சிரமப்படும்.

ஓட்டையை அவர் கருவி இல்லாமலே கண்டுபிடித்தார். கேஸோடு சேர்ந்து கம்ப்ரசர் எண்ணெயும் உள்ளே சுற்றுகிறது. கசியும் இடத்தில் எண்ணெயும் வெளியே வரும், அதில் தூசி ஒட்டிக்கொள்ளும். கம்ப்ரசருக்குப் போகும் ரப்பர் குழாயின் இணைப்பில் எங்கள் தோட்டத்துச் செம்மண் சேறாகப் படிந்திருந்தது. சோப்பு நீரைப் பூசியதும் குமிழி வந்தது.

அங்கே ஏன் கசிந்தது என்பதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருக்கிறது. அந்தக் கார் தயாரான காலத்தில் உள்ளே இருந்தது ஆர்-12 என்ற வேறொரு கேஸ். எரியாது, நஞ்சில்லை, விலையும் மலிவு. பல ஆண்டுகள் அதைக் குறையற்ற கண்டுபிடிப்பு என்றே உலகம் நினைத்தது. 1974இல் மோலினா, ரோலண்ட் என்ற இரண்டு விஞ்ஞானிகள், இந்த வகைக் கேஸ்கள் வான மேலடுக்கில் ஓசோனைச் சிதைக்கும் என்று எச்சரித்தார்கள். தொழில் நிறுவனங்கள் எதிர்த்தன. 1985இல் அண்டார்டிகாவுக்கு மேலே ஓசோன் படலம் மெலிந்துபோனது உறுதியானது. 1987இல் மாண்ட்ரியல் ஒப்பந்தம் கையெழுத்தானது. மலேசியா 1989இல் அதில் இணைந்தது. அந்த இருவரும் 1995இல் பால் குருட்சனோடு நோபல் பரிசு பெற்றார்கள். ஆர்-12 சுமார் நூறு ஆண்டுகள் காற்றில் தங்கும். ஆக, எங்கள் ஈஸ்வராவிலிருந்து முதன்முதலில் கசிந்த கேஸில் பெரும்பகுதி இன்னும் நம் தலைக்கு மேலேதான் இருக்கிறது.

ஆர்-12 கிடைக்காமல் போனதும் பழைய கார்களை ஆர்-134ஏ-க்கு மாற்றினார்கள். முறைப்படி என்றால் பழைய எண்ணெயை வடித்து, டிரையரையும் ரப்பர் வளையங்களையும் மாற்றி, பழைய அளவைவிடச் சற்றுக் குறைவாகக் கேஸ் ஊற்ற வேண்டும். எங்கள் காரில் யாரோ வாயை மட்டும் மாற்றிவிட்டு விட்டிருந்தார்கள். புதிய கேஸின் மூலக்கூறு சிறியது. பழைய ரப்பரில் அது எளிதாக வழி கண்டுபிடித்துவிடும்.

ஆர்-134ஏ ஓசோனைத் தொடாது. ஆனால் பூமியைச் சூடாக்கும். நூறு ஆண்டுக் கணக்கில் பார்த்தால், ஒரு கிலோ ஆர்-134ஏ சுமார் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். அரை கிலோ கசிந்தால் 700 கிலோவுக்கு மேல். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய 2.3 கிலோ வரும். வகுத்துப் பாருங்கள், 300 லிட்டர் பெட்ரோலைத் தாண்டும். நாங்கள் 80 வெள்ளி, 80 வெள்ளியாக வாங்கிக் காற்றில் விட்டது அதைத்தான்.

ஃபோர்மேன் மிச்சக் கேஸை இயந்திரத்தால் உறிஞ்சி எடுத்தார். வளையங்களையும் டிரையரையும் மாற்றி, புதிய எண்ணெய் விட்டார். பிறகு வேக்கும் பம்ப்பை ஓடவிட்டு, என்னைத் தேநீர் வாங்கிவர அனுப்பினார். திரும்பி வந்தபோதும் அது ஓடிக்கொண்டிருந்தது. இந்தக் காத்திருப்பைத்தான் அவசரக்காரர்கள் தவிர்க்கிறார்கள். குழாய்க்குள் ஈரம் இருந்தால் அது குறுகலான வால்வில் உறைந்து அடைக்கும், நாளடைவில் அமிலமாகி உலோகத்தை அரிக்கும். காற்றை இழுத்து அழுத்தத்தைக் குறைத்தால், 30 டிகிரியிலேயே நீர் கொதித்து ஆவியாக வெளியேறிவிடும். பம்ப்பை நிறுத்திய பிறகு முள் நகராமல் நிற்கிறதா என்று இன்னும் கொஞ்ச நேரம் பார்த்தார். அது நின்றால்தான் ஓட்டை இல்லை.

கடைசியில்தான் தோங்கைத் தராசில் வைத்து, கண்ணாடி அணிந்து, கையுறை போட்டுக் கேஸை விட்டார். திரவம் தோலில் பட்டால் சதை உறைந்துவிடும் என்று என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். இந்த வேலைக்கும் எஸ்.கே.எம். சான்றிதழ் உண்டு என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கூலி, டிரையர், கேஸ் எல்லாம் சேர்த்து முன்பு இரண்டு தடவை கொடுத்ததைவிடக் கொஞ்சம் அதிகம் ஆனது. கசிந்த இடத்தில் இருந்த பழைய வளையத்தை அப்பா கேட்டு வாங்கிக்கொண்டார். சுண்டுவிரல் மோதிரத்தைவிடச் சிறியது.

அடுத்த மாதம் மருத்துவமனைக்குப் போகும் வழியில், சாலைத் தூசிக்காகக் கண்ணாடியை ஏற்றியிருந்தோம். பீடோங் தாண்டும் முன்பே பாட்டி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, "அதைக் கொஞ்சம் குறைடா, குளிருது" என்றார்.