விசாவில் எழுதியிருப்பது என்ன?

கடையநல்லூர், தென்காசி நெசவாளர்கள் சிங்கப்பூர் சென்று குடியேறிய வரலாறு நம் அங்கத்தினர் பலருக்குக் குடும்ப வரலாறே ஆகும். இன்றும் பிள்ளைகள் புறப்படுகின்றனர்.

அண்மையில் ஒரு சங்கத்தில் தணிக்கை செய்தபோது, தறிக்கென வாங்கிய கடன் தரகர் கையில் சேர்ந்திருக்கக் கண்டேன். மகன் மலேசியா சென்றதோ சுற்றுலா விசாவில்!

சாரல் பருவத்தில் குற்றாலம் வருவோர் நீராடிச் செல்லலாம்; அருவிக்கரையில் கடை வைக்க வேண்டுமாயின் உரிமை பெற்றாக வேண்டும். சுற்றுலா விசாவும் அத்தகையதே. அதில் சென்று கூலி வேலை செய்வது குற்றம். பிடிபட்டால் சிறை, அபராதம், நாடு கடத்தல். “போனபின் மாற்றிக்கொள்ளலாம்” என்னும் தரகர் பேச்சை நம்பலாகாது. சிங்கப்பூரில் வேலை அனுமதிக்கு மனுச் செய்பவர் முதலாளியே. சம்பளம் குறித்த முன் ஒப்புதல் கடிதம் புறப்படுமுன்பே கைக்கு வரவேண்டும்.

பத்தாம் வகுப்புத் தேறாதவர் மலேசியா, சவுதி அரேபியா முதலிய நாடுகளுக்கு வேலைக்குச் செல்ல, 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி குடிபெயர்வோர் பாதுகாப்பு அதிகாரியின் அனுமதி தேவை. அவரது அலுவலகம் சென்னையில் உளது. ஒப்பந்தம் அங்கே சரிபார்க்கப்படும். 10 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடும் உண்டு. இச்சோதனையைத் தவிர்க்கவே சிலர் சுற்றுலா விசாவைக் காட்டுகின்றனர் என்பது என் கருத்து.

பதிவு பெற்ற முகவர் பெறத்தக்க கட்டணம் 30,000 ரூபாயும் வரியுமே, ரசீது கேளுங்கள். அவரது பதிவெண்ணை அரசின் இ-மைகிரேட் தளத்தில் பார்க்கலாம். கடனுக்கு ஜாமீன் கையொப்பமிடுவோரும் விசாவை வாங்கிப் படித்துப் பார்ப்பது நலம்.