சான்றிதழ் கேட்ட காலம்

நெருக்கடிநிலைக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தால், “ரயில் நேரத்துக்கு ஓடியது, அலுவலகத்தில் ஆட்கள் நேரத்துக்கு வந்தார்கள்” என்று சொல்பவர்கள் இன்றும் உண்டு. அதே காலத்தில் வட இந்தியாவின் குடிசைப் பகுதிகளிலிருந்தும் கிராமங்களிலிருந்தும் ஆண்கள் கருத்தடை முகாம்களுக்கு இழுத்துச் செல்லப்பட்டது அவர்கள் நினைவில் இல்லை.

1975 ஜூன் 25 அன்று அறிவிக்கப்பட்ட நெருக்கடிநிலை 1977 மார்ச் 21 வரை நீடித்தது. 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்குக் கருத்தடை செய்யப்பட்டது. முந்தைய ஆண்டைவிட இது ஏறத்தாழ மூன்று மடங்கு. கருத்தடையைக் கட்டாயமாக்கும் சட்டம் எதுவும் அப்போது நடைமுறையில் இல்லை. பிறகு எப்படி நடந்தது?

இலக்கும் சான்றிதழும் போதுமானதாக இருந்தன. ஆள் பிடித்துத் தராத ஆசிரியருக்குச் சம்பளம் கிடைக்காது என்ற மிரட்டல் வந்தது. டெல்லியில் குடிசை இடிக்கப்பட்டவர்கள் மாற்று மனைக்காகக் கருத்தடைச் சான்றிதழ் காட்ட வேண்டியிருந்தது. தான் செய்துகொள்ள விரும்பாதவர் இன்னொருவருக்குப் பணம் கொடுத்து அனுப்பினார். இடையில் தரகர்கள் முளைத்தார்கள். ஏழை தன்னைவிட ஏழையைத் தேடினார். கடைசியில் அகப்பட்டவர்கள் நிலமும் ஆள்பலமும் இல்லாதவர்கள். அவர்களில் தலித்துகளும் முஸ்லிம்களும் ஏராளம்.

அதிகாரி கடமை என்றார். ஆசிரியர் சம்பளம் என்றார். நடுத்தர வர்க்கம் நாட்டு நலன் என்றது. குற்றம் செய்வதாக ஒருவருக்கும் தோன்றவில்லை. பத்திரிகைகளுக்குத் தணிக்கை. காவலில் உள்ளவர் ஆட்கொணர்வு மனு போட முடியாது என்று 1976 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகளில் எச்.ஆர்.கன்னா ஒருவர் மட்டுமே மறுத்தார். கருத்தடையோடு தொடர்புடைய 1,774 மரணங்களைப் பின்னர் ஷா ஆணையம் பதிவு செய்தது.

அரசியல் சாசன ஒழுக்கம் இயல்பாக வருவதல்ல, பழகி வளர்க்க வேண்டியது என்று 1948இலேயே அம்பேத்கர் எச்சரித்தார். அந்தப் பழக்கம் சிறிய இடத்தில்தான் தொடங்குகிறது. ரேஷனுக்கோ பட்டாவுக்கோ புதிதாக ஒரு தாளைக் கேட்டால், “எந்தச் சட்டத்தின்படி?” என்று நாம் கேட்க வேண்டும். பக்கத்துத் தெருக்காரரிடம் கேட்கும்போதும் அவருக்காக நாம் கேட்க வேண்டும். அன்று கேட்க ஆளில்லாததால்தான் சட்டமே இல்லாத ஒன்று ஊர் வழக்கமானது.