மக்தூமில் ஆட்டுப் பாடம்

பல்லைப் பார்க்கத் தெரியாதவர் ஆடு வாங்கச் சந்தைக்குப் போகக்கூடாது. ஆட்டுக்கு மேல்தாடையின் முன்புறம் பல் கிடையாது. கீழ்த்தாடையில் எட்டு. எட்டுமே சிறிய பால்பற்களாக இருந்தால் அநேகமாக ஒரு வயதுக்குள்தான். நடுவில் இரண்டு மட்டும் பெரிதாக முளைத்திருந்தால் ஒன்றேகால், ஒன்றரை வயது. எட்டும் பெரிதாகியிருந்தால் மூன்றைத் தாண்டிவிட்டது என்று பொருள். அதன் பிறகு தேய்மானம்தான். பக்ரீத்துக்கு முந்தைய வாரங்களில் வட இந்தியச் சந்தைகளில் 'தோ தாந்த்' கிடாவுக்கு மவுசு கூடுவது இதனால்தான்: அந்த இரண்டு பற்கள் ஓராண்டு நிறைந்ததற்கான அத்தாட்சி.

உத்தரப் பிரதேசத்தின் மதுரா மாவட்டத்தில், ஃபரா ஊரை அடுத்த மக்தூம் கிராமத்தில் இருக்கிறது மத்திய வெள்ளாட்டு ஆராய்ச்சி நிலையம். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 1979ல் தொடங்கியது. நீண்டு தொங்கும் காதும் வளைந்த மூக்குமாக ஜமுனாபாரி, குட்டையான பார்பரி, ராஜஸ்தானின் ஜக்ரானா ஆகிய இனங்களை ஆராயும் இந்த நிலையம், ஆடு வளர்ப்பில் சில நாள் பயிற்சியும் தருகிறது.

இத்தகைய பயிற்சிகளுக்குக் கிராக்கி கூடியதற்கு டெல்லியும் ஒரு காரணம். 2021ல் மாற்றியமைக்கப்பட்ட தேசியக் கால்நடை இயக்கம், 500 பெட்டை, 25 கிடா கொண்ட பண்ணைக்கு மூலதனச் செலவில் பாதியை, 50 லட்ச ரூபாய் வரை, மானியமாக அறிவித்தது. விண்ணப்பிப்பவருக்குப் பயிற்சியோ அனுபவமோ இருக்க வேண்டும்.

காகிதத்தில் ஆட்டுக் கணக்கைப் போல இனிப்பானது வேறில்லை. சினைக்காலம் ஐந்து மாதம். இரண்டு வருடத்தில் மூன்று ஈற்று. பார்பரி என்றால் இரட்டைக் குட்டி சகஜம். பெருக்கிப் பார்த்தவருக்குத் தலை சுற்றும். இந்தக் கணக்கில் குட்டிகள் சாவதில்லை என்பதுதான் கோளாறு.

குட்டியின் பிழைப்பு முதல் சில மணி நேரத்திலேயே பெரும்பாலும் தீர்மானமாகிவிடுகிறது. தாயின் வயிற்றில் இருக்கும்போது அதற்கு நோய் எதிர்ப்புச் சக்தி ஏதும் போய்ச்சேர்வதில்லை. எல்லாம் சீம்பாலில்தான். பிறந்த அரை மணி, ஒரு மணிக்குள் அது வயிற்றுக்குள் போகவேண்டும். முதல் நாளில் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு. நேரம் போகப்போக அந்தச் சக்தியைக் குடல் உறிஞ்சாது. நஞ்சுக்கொடி விழட்டும், பிறகு ஊட்டலாம் என்று காத்திருக்கும் பழக்கம் பல ஊர்களில் இன்னும் உண்டு. பாலைச் சாக்கடையில் ஊற்றுவதற்குச் சமம் அது. தொப்புள்கொடியை டிங்சர் அயோடினில் நனைக்கச் சில நொடிகூட ஆகாது. நனைக்காவிட்டால் கிருமி அந்த வழியே ஏறி மூட்டு வீங்கும்.

மற்றவை எளிதில் பிடிபடும். வளர்ந்த ஆட்டுக்குக் கொட்டிலில் 10 சதுர அடி இடம். இருபது பெட்டைக்கு ஒரு கிடா. அது தன் மகள்களையே சேரும் முன் மாற்றிவிட வேண்டும். தானியத்தைத் திடீரென அள்ளிப் போட்டால் வயிறு புளித்து ஒரே நாளில் ஆடு போய்விடும்.

புதுப் பண்ணைகளை மொத்தமாகச் சாய்ப்பது ஆட்டுக்கொல்லி நோய். நாலு சந்தையில் வாங்கிய ஆடுகளை லாரியில் அடைத்துக் கொண்டுவந்து ஒரே கொட்டிலில் விட்டால் போதும். காய்ச்சல், கண்ணிலும் மூக்கிலும் ஒழுகல், வாய்ப்புண், கழிச்சல், கடைசியில் நிமோனியா. வைரஸுக்கு மருந்தில்லை. மந்தையில் பாதிக்கு மேலும் சாகலாம். புதிய ஆடுகளை மூன்று வாரமாவது தனியே வைக்கச் சொல்வது இதற்காகத்தான். இந்தியாவில் இந்த நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது தமிழகத்தில், விழுப்புரம் அருகே அரசூரில், 1987ல். அங்கே கிடைத்த வைரஸிலிருந்தே ஒரு தடுப்பூசி உருவானது. மூன்று, நான்கு மாதம் கடந்த குட்டிக்கு ஒருமுறை போட்டால் குறைந்தது மூன்று ஆண்டு தாங்கும்.

ஆனால் 2019 கணக்கெடுப்புப்படி நாட்டில் உள்ள 14.88 கோடி வெள்ளாடுகளில் பெரும்பாலானவை 500 பெட்டைப் பண்ணைகளில் இல்லை. நிலமில்லாத குடும்பங்களில் இரண்டும் மூன்றுமாக, பெண்கள் கையில் இருக்கின்றன. எந்த இலையை எந்த மாதத்தில் ஆடு தின்னும் என்று வகுப்பு எடுக்கக்கூடியவர்கள் அவர்கள். மக்தூமுக்கு வந்து சில நாள் தங்க அவர்களால் முடியாது.

அதனால் பாடம் அவர்களைத் தேடிப் போகவேண்டியிருக்கிறது. ஜார்க்கண்டிலும் பீகாரிலும் சுய உதவிக் குழுப் பெண்களிலிருந்தே 'பசு சகி'களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். குடற்புழு மருந்து, தீவனம், தடுப்பூசி, எல்லாவற்றுக்கும் ஊரிலேயே ஒரு கை. மத்திய அரசு 2022ல் தொடங்கிய 'ஏ-ஹெல்ப்' திட்டம் இவர்களைக் கால்நடை மருத்துவருக்கும் கிராமத்துக்கும் நடுவே பாலமாக்கியது. மருத்துவருக்கு இவர்கள் மாற்று அல்ல. சிக்கலான பிரசவத்துக்கு அவர்தான் வரவேண்டும், அவர் பெரும்பாலும் தொலைவில் இருப்பார்.

தடுப்பூசியிலேயே ஒரு சங்கடம் உண்டு. தூளைக் கரைத்துவிட்டால் ஓரிரு மணி நேரத்துக்குள், அதுவும் ஐஸில் வைத்தே, போட்டு முடிக்க வேண்டும். நூறு ஆட்டுக்கான குப்பியைத் திறக்கிறவள், வீட்டுக்கு மூன்று ஆடு என்றால் முப்பதுக்கு மேற்பட்ட வீடுகளில் முந்தின நாளே சொல்லிவைத்து, விடிந்ததும் ஆடுகள் மேய்ச்சலுக்குக் கிளம்பும் முன் எல்லாவற்றையும் பிடித்தாக வேண்டும்.