அசைபோடும் மனமும் அதற்கான சிகிச்சையும்

நம் நாட்டில் வயது வந்தோருள் இருபதில் ஒருவர் வாழ்நாளில் மனச்சோர்வு நோய்க்கு ஆளாகியுள்ளதாக 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநல ஆய்வு தெரிவித்தது. அவர்களுள் ஏறத்தாழ 85 சதவீதத்தினருக்குச் சிகிச்சை கிட்டவில்லை.

பேச்சின் வாயிலாக இந்நோயைத் தணிக்கும் முறைகளுள் ஒன்று, மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்ரியன் வெல்ஸ் வகுத்த 'மெட்டாகாக்னிட்டிவ்' சிகிச்சையாகும். எண்ணங்களைப் பற்றி நாம் கொண்டுள்ள எண்ணத்தைத் திருத்துவது இதன் நோக்கம். 'நான் எதற்கும் உதவாதவன்' என்னும் எண்ணம் எவருக்கும் வந்து போவதுதான். நோயுற்றவரோ அதனை மணிக்கணக்கில் அசைபோடுகிறார். திரும்பத் திரும்பச் சிந்தித்தால் விடை கிடைக்கும் என்றும், இச்சிந்தனையைத் தம்மால் நிறுத்த இயலாது என்றும் அவர் ஒருசேர நம்புகிறார். அந்த எண்ணம் மெய்யா பொய்யா என்று மருத்துவர் வாதிடுவதில்லை. இவ்விரு நம்பிக்கைகளையே தளர்த்த முயல்கிறார். அசைபோடுவதை மாலையில் குறித்த கால் மணி நேரத்துக்கு ஒத்திவைக்கச் சொல்வது ஒரு பயிற்சி. ஒத்திவைக்க முடிந்ததைக் கண்டதும், நிறுத்த இயலாது என்ற நம்பிக்கை ஆட்டங்காண்கிறது.

நார்வேயில் 39 பேரிடம் பத்து அமர்வுகளாக நடத்தி, 2017இல் வெளியிடப்பட்ட ஆய்வில் பெரும்பாலோர் தேறினர். ஆய்வு சிறியதே. ஆயினும், சுருக்கமான பேச்சுச் சிகிச்சை நம் கிராமங்களுக்கு எட்டாததன்று. வேறொரு முறையைப் பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டு கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் நடத்தி, பயனுள்ளதென 2017இல் காட்டியுள்ளனர்.

கேரளத்தின் குடும்ப ஆரோக்கிய மையங்களில் மனச்சோர்வைக் கண்டறிய 'ஆசுவாசம்' திட்டம் நடைபெறுகிறது. குளத்தூர், பாறசாலை போன்ற எல்லைக் கிராமங்களில் இங்கே ஒரு சிக்கல் எழக்கூடும். 1956இல் விளவங்கோடு முதலிய வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. தமிழை வீட்டுமொழியாகக் கொண்ட குடும்பங்களும் அங்கு நின்றன. அவர்களுக்கு மலையாளம் தெரியும். ஆனால் 'விசாரம்' என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம்: தமிழில் அது கவலை, மலையாளத்தில் வெறும் எண்ணம். எண்ணம் எங்கே கவலையாக மாறுகிறது என்பதையே ஆராயும் சிகிச்சைக்கு இவ்வேறுபாடு சிறியதன்று. ஆகவே வினாத்தாளும் உரையாடலும் நோயாளியின் வீட்டுமொழியில் அமைதல் வேண்டும்.

தற்கொலை எண்ணம் உள்ளவரைப் பயிற்சிகளை நம்பிக் காத்திருக்க விடாமல், உடனே மனநல மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். 2022இல் தொடங்கப்பெற்ற 'டெலி மானஸ்' தொலைபேசிச் சேவை 14416 என்ற எண்ணில் தமிழிலும் கிடைக்கிறது.